தமியானோவின் பீப்பாய்

சிபிப்போ திராட்சை பறிக்க வேண்டுமென்றால் மண்டிபோட வேண்டும். நின்றவாக்கில் பறிக்கிற கொடி எங்கள் பந்தெல்லேரியாவில் கிடையாது. காற்றுக்குப் பயந்து ஒவ்வொரு கொடியையும் குழி தோண்டி அதற்குள் நட்டு வைத்திருக்கிறோம். எவ்வளவு வளர்ந்தாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாது. ஆகஸ்டு பிறந்துவிட்டால் தீவில் ஆண் பெண் அத்தனை பேருக்கும் முழங்கால் தோல் காய்த்துக் கறுத்துப்போகும். பூசைக்குக்கூட இவ்வளவு மண்டி போட்டதில்லை என்று பாதிரியாரே எங்களைக் கேலி செய்வார்.

லியோனார்தா அக்காவின் நிலமும் என் நிலமும் ஒரே கல்சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அவள் வீட்டு அறுவடைக்கு நானும் என் வீட்டுக்காரரும் போவோம். எங்கள் அறுவடைக்கு அவர்கள் வருவார்கள். அவளுடைய புருஷன் பர்த்தோலோவை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர்களுக்கு மூன்று இடத்தில் நிலம். கம்மா என்கிற எங்கள் ஊரில் கடலைப் பார்த்த சரிவில் இருப்பது முதலில் பழுக்கும். அதைப் பறித்துக் கறுப்புக்கல் களத்தில் வெயிலில் பரப்பி உலர்த்துவோம். மேலே முகென் சமவெளியில் இருப்பது செப்டம்பரில்தான் பழுக்கும். அதைப் பிழிந்து, அந்தச் சாறு பொங்கி நுரைக்கிறபோது, உலர்ந்த பழத்தைக் காம்பு நீக்கி அதற்குள் கொட்டுவோம். அப்படி ஆகிறதுதான் பஸ்ஸீத்தோ மது. தேன் நிறத்தில், வாதுமைப் பழமும் அத்தியும் மணக்க, நாக்கில் ஒட்டிக்கொள்ளும் இனிப்பு. மூன்றாவதாகக் காதிர் பக்கம் ஒரு துண்டு நிலம். அதில் பிஞ்ஞத்தெல்லோ என்ற கறுப்புத் திராட்சையும் கத்தரத்தோ என்ற வெள்ளையும் கலந்து நிற்கும். வீட்டுச் சாப்பாட்டுக்கான மது அதில் வரும்.

பர்த்தோலோ அண்ணனின் பஸ்ஸீத்தோவுக்குத் தீவில் நல்ல பெயர். அவர் அதிகம் பேச மாட்டார். களத்தில் உலர்கிற குலையைத் திருப்பிப் போடுவதற்குக்கூட யாரையும் கூப்பிடாமல் தானே குனிந்து போய்க்கொண்டிருப்பார். அவர் பேசாத பேச்சையெல்லாம் அக்கா பேசிவிடுவாள். கொடியைத் திட்டுவாள், முயலைத் திட்டுவாள், ஆப்பிரிக்காவிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வருகிற அனல்காற்றை மாமியாரைத் திட்டுவது போல் திட்டுவாள்.

ஒரே மகன், தமியானோ. எதிரே சிசிலியில் இருக்கிற மர்சாலா ஊரில் ஒரு மது ஆலையில் சில காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். வந்ததும் உள்ளூர்ப் பெண் நின்ஃபாவைக் கல்யாணம் செய்துகொண்டான். துறைமுகத்தில் ரொட்டிக் கடை வைத்திருந்தவரின் மகள் அவள். தாய் தகப்பன் இரண்டு பேருமே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்காவின் பின்னாலேயே திரிந்தாள். மாமியாரும் மருமகளும் ஒரே தட்டில் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

மர்சாலாவிலிருந்து வந்தபோது தமியானோ ஒரு யோசனையோடு வந்திருந்தான். சிபிப்போவைச் சற்று முன்னாலேயே பறித்து, உலர்த்தாமல் பிழிந்து, துளி இனிப்பு மிஞ்சாமல் பொங்கவிட்டால் மீனோடு குடிக்கிற நல்ல வெள்ளை மது ஆகும் என்றான். பர்த்தோலோ அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. வெயிலுக்குப் பிறந்த பழத்தை வெயில் காட்டாமல் கொல்வதா என்றார். அவன் பிடிவாதக்காரன். அந்த வருஷம் கொஞ்சம் சிபிப்போவோடு காதிர் நிலத்துக் கத்தரத்தோவையும் சேர்த்துப் பிழிந்து தனியாக ஒரு பீப்பாய் நிரப்பினான். அப்பனும் மகனும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

நவம்பரில் ஒரு நாள் சாப்பாட்டின்போது அந்தப் பீப்பாயிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வந்து அப்பன் முன்னால் வைத்திருக்கிறான், ஒரு வாய் குடித்துப் பாருங்கள் என்று. அண்ணன் கோப்பையைக் கையால் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் குடித்தார். அவ்வளவுதான். சத்தம் இல்லை, சண்டை இல்லை. மறுநாள் காலையில் தமியானோ தன் சிநேகிதன் கோசிமோவின் படகில் கணவாய் பிடிக்கப் போனான். மண்ணைக் கிண்டிப் பிழைக்கிறவர்கள் நாங்கள். தீவில் இருக்கிறோமே ஒழிய கடலுக்கு முதுகு காட்டித்தான் வீடு கட்டுகிறோம். அவன் போனது மீனுக்காக இல்லை, வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தான் என்று நின்ஃபா வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னாள்.

மத்தியானம் வடமேற்குக் காற்று எழும்பியது. சாயங்காலம் படகு திரும்பவில்லை. சில நாள் கழித்துப் படகின் பலகைகள் மிதந்து வந்தன. கோசிமோவின் உடல் அந்தப் பக்கம் துனீசியக் கரையில் ஒதுங்கியது. தமியானோ கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லை என்பதுதான் அக்காவைப் பிடித்துக்கொண்டது. ஒருத்தன் கரைக்குப் போயிருக்கிறான் என்றால் இன்னொருத்தனும் போயிருப்பான் என்றாள். ஏதோ ஒரு துனீசியப் படகு அவனைத் தூக்கியிருக்கும், அடிபட்டு நினைவில்லாமல் எங்கோ கிடக்கிறான், நினைவு வந்ததும் வந்து நிற்பான் என்றாள். பாதிரியார் பூசை வைக்கலாமா என்று கேட்டு வந்தபோது வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டாள். கறுப்பு உடுத்தவில்லை. நின்ஃபாவையும் உடுத்தவிடவில்லை. கோசிமோவின் தாய் தலையிலிருந்து கால்வரை கறுப்பில் தேவாலயத்துக்குப் போக, இவள் நீலப்பூ போட்ட சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஊர் வாயை மூட முடியுமா? புருஷன் போன பெண்ணைச் சிவப்புச் சட்டை போடவிட்டிருக்கிறாளே என்று பேசினார்கள். நின்ஃபா காதில் விழாத மாதிரி இருந்தாள்.

பீப்பாயையும் யாரும் தொடக் கூடாது. அவன் வந்து திறப்பான் என்றாள். பீப்பாயைப் பற்றி அவளுக்குத் தெரியாததில்லை. மரம் மதுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். குறைந்த அளவுக்கு அவ்வப்போது ஊற்றி நிரப்பவில்லை என்றால் உள்ளே காற்று சேரும்; காற்று சேர்ந்தால் மது நிற்காது. பர்த்தோலோ அண்ணன் நிரப்புகிற கூஜாவை எடுத்துக்கொண்டு அந்தப் பீப்பாய்வரை போய்விட்டு அப்படியே திரும்பி வருவதை நான் ஒருமுறை கண்டேன். தன் கையால் அதைத் தொட அவருக்கும் முடியவில்லை.

இரண்டாவது வருஷம் விளைச்சல் கொட்டியது. வசந்தத்தில் காற்று பூவை உதிர்க்கவில்லை, ஆகஸ்டில் மழை இல்லை. களம் முழுக்கப் பழம் பரப்பி இடம் போதாமல் கூரைமேலும் பரப்பினோம். ராத்திரிப் பனி படாமல் சாயங்காலம் தார்ப்பாய் மூடுவதும் காலையில் எடுப்பதுமே பெரிய வேலையாக இருந்தது. அந்த வருஷம்தான் ருஜ்ஜேரோ வந்தான்.

அவன் மர்சாலாக்காரன். அறுவடைக் காலத்தில் தீவுக்கு வந்து வீடு வீடாகப் போய்ச் சாறு பிழிகிற எந்திரங்களைப் பழுது பார்ப்பான். முப்பதைத் தாண்டியவன், கல்யாணம் ஆகாதவன், காது கொஞ்சம் மந்தம். அண்ணன் வீட்டு எந்திரத்தின் திருகு உடைந்திருந்தது. அதைச் சரிபண்ண வந்தவன், வேலை முடிந்த பிறகும் இதைப் பார்க்கிறேன் அதைப் பார்க்கிறேன் என்று வந்துகொண்டிருந்தான். நின்ஃபா அவனுக்குச் சாப்பாடு வைப்பாள். உருளைக்கிழங்கு வேகவைத்து, தக்காளியும் வெங்காயமும் உப்பில் போட்ட காப்பர் செடி மொட்டும் சேர்த்து எண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுப்பாள். அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவான். அவள் ஏதாவது சொன்னால் சரியாகக் கேட்காமல் வேறு எதற்கோ பதில் சொல்வான். அப்போது நின்ஃபா சிரித்தாள். அந்த வீட்டில் வெகுநாளாகக் கேட்காத சத்தம் அது. நானே திரும்பிப் பார்த்தேன். அக்காவும் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு நாள் ருஜ்ஜேரோ என் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றான். அந்தப் பெண்ணின் மனசு தெரியும், ஆனால் மாமியாரைக் கேட்காமல் அவள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறாள், நீங்கள் பேச முடியுமா என்று கேட்டான். நான் யோசிக்க வேண்டும் என்றேன். என் வீட்டுக்காரர் உனக்கு எதற்கு இந்த வம்பு என்றார். ஆனால் நின்ஃபாவுக்கு இருபத்தாறு வயசுதான். நான் போய்ச் சொன்னேன்.

அக்கா கேட்டுக்கொண்டாள். முற்றத்துக் கதவைத் திறந்து, நான் போவதற்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

ஆனால் பழம் காத்திருக்காது. உலர்ந்த குலைகளைக் காம்பு நீக்குகிற வேலைக்கு நான் போகத்தான் வேண்டியிருந்தது. நீள மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, சுருங்கிய பழத்தை ஒவ்வொன்றாகக் காம்பிலிருந்து பிய்த்துக் கூடையில் போட வேண்டும். விரலெல்லாம் பிசின் மாதிரி ஒட்டும், குளவி வந்து மொய்க்கும். அக்கா என்னைப் பார்க்காமல், குளவியைப் பார்த்துப் பேசுகிற மாதிரி ஆரம்பித்தாள்.

"சில பேருக்கு அடுத்த வீட்டுப் பொண்ணைத் தள்ளிவிடறதுல அவ்வளவு அவசரம். புருஷன்காரன் வந்து எங்கடி என் பொண்டாட்டின்னு கேட்டா பதில் சொல்லப் போறவ நான்தானே."

நான் குனிந்து பிய்த்துக்கொண்டிருந்தேன். நின்ஃபாதான் பேசினாள்.

"அத்தை, அவங்களை ஏன் சொல்றீங்க. கேட்டது நான்தான்னு நெனச்சுக்கோங்க."

"நீ கேப்ப. உனக்கு என்ன. நாளைக்கு அவன் வந்து வாசல்ல நின்னா என்ன சொல்லுவ?"

நின்ஃபா கையிலிருந்த காம்பைக் கீழே வைத்தாள்.

"வந்தா கால்ல விழுவேன் அத்தை. அடிச்சாலும் வாங்கிக்குவேன். வரட்டும். நானும் ரெண்டு வருஷமா வாசலைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன். நீங்க தூங்கறீங்க, நான் தூங்கறதில்ல."

"நான் தூங்கறேனா? யாருடி சொன்னா?"

"அப்ப நாம ரெண்டு பேரும் முழிச்சிக்கிட்டுத்தான் படுத்திருக்கோம். ஒரு நாளாவது ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டோமா?"

அக்கா எழுந்து கைகழுவப் போய்விட்டாள். நின்ஃபா திரும்பக் காம்பை எடுத்தாள். போகமாட்டேன் அக்கா, அவங்க வாயால போன்னு சொல்லாம நான் எங்கேயும் போகமாட்டேன் என்று தணிந்த குரலில் என்னிடம் சொன்னாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. அந்த உறுதியைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

முகென் நிலத்துத் திராட்சையையும் பறித்து முடித்தோம். பிழியப் பிழிய வந்துகொண்டே இருந்தது. இருந்த தொட்டிகள் நிறைந்தன, பீப்பாய்கள் நிறைந்தன. என் வீட்டில் சும்மா கிடந்த ஒன்றையும் உருட்டிக்கொண்டு போனோம்; அதுவும் நிறைந்தது. இன்னும் சாறு மிச்சம். பர்த்தோலோ அண்ணன் மது வைக்கிற அறையின் நடுவில் நின்றார். மூலையில் அந்த ஒரு பீப்பாய்தான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நாங்கள் யாருமே பார்க்கவில்லை. ஆனால் அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரிந்தது.

அக்கா வெளியே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தாள். நேரே மூலைக்குப் போய், பீப்பாயின் மேல்துளை அடைப்பை இரண்டு பக்கமும் தட்டித் தளர்த்தி, கையால் இழுத்து எடுத்தாள்.

வாசம் உடனே வந்தது. முகர்ந்து பார்க்கவே தேவையில்லை. மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வரவழைக்கிற காடி வாசம். நின்ஃபா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். என் வீட்டுக்காரர் மெல்ல வெளியே நழுவினார்.

பர்த்தோலோ அண்ணன் ஒரு கோப்பையை எடுத்தார். கீழ்க்குழாயைத் திருகிப் பிடித்தார். நிறம் மட்டும் அழகாக இருந்தது, பழைய தங்கம் மாதிரி. கோப்பையை வாயில் வைத்தார். ஒரு வாய் ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார் என்றுதான் நினைத்தோம். அவர் நிறுத்தவில்லை. தொண்டை ஏறி இறங்க, முகம் கோணாமல், அந்தக் காடியை அடிவரை குடித்தார். குடித்துவிட்டுக் கோப்பையைப் பீப்பாயின்மேல் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்குடா," என்றார். "நல்லாத்தான் செஞ்சிருக்க."

எங்களில் யாரையும் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. மறுபடியும் ஊற்றக் கையை நீட்டினார். அக்கா கோப்பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போதும். வயிறு வெந்துபோகும்."

"அன்னைக்கே குடிச்சிருக்கணும் லியோனார்தா. ஒரு வாய். ஒரு வாய்தான் கேட்டான்."

"தெரியும். அடுப்படியில நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"ஒரு நாள்கூட நீ கேக்கலியே."

"கேட்டு? உங்களையும் இழக்கறதா?"

அவள் அந்தக் கோப்பையின் அடியில் மிஞ்சிய சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தாள். பிறகு பீப்பாயோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்தரை முழுக்கச் சாறு சிந்திச் சேறாக இருந்தது. அதில்தான் உட்கார்ந்தாள். உயிரோட இருந்தா இதை இப்படி விட்டிருப்பானா என்று ஒரு தடவை சொன்னாள். அப்புறம் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆடு குட்டி போடும்போது அப்படி ஒரு சத்தம் கேட்டிருக்கிறேன், மனுஷியிடம் கேட்டதில்லை. நின்ஃபா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அந்தச் சேற்றில் கிடந்து அழுதார்கள். பர்த்தோலோ அண்ணன் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் இருவர் தலைக்கும் மேலே கையை நீட்டியபடி நின்றார்.

காடி ஏறிய பீப்பாய் மதுவுக்கு ஆகாது. மிஞ்சிய சாற்றை நாங்கள் கோசிமோவின் வீட்டுக்குக் கொடுத்தோம். அவர்கள் பீப்பாய் இரண்டு வருஷமாகக் காய்ந்து கிடந்தது. காடியைக் கொட்டிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அக்கா கேட்கவில்லை. வடிகட்டிப் பாட்டில் பாட்டிலாக அடைத்துக் கூடையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். சாவு விழுந்த வீட்டுக்கு ஊர்க்காரர்கள் சாப்பாடு கொண்டுபோவதுதான் எங்கள் வழக்கம். அவள் வீட்டுக்குள் அவள் யாரையும் விடாததால் அன்றைக்கு ஒருவரும் கொண்டுபோகவில்லை. இப்போது அவளே கொண்டுவந்து கொடுத்தாள். தமியானோ செஞ்சது என்று மட்டும் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கம்மாவில் எல்லார் வீட்டு வெங்காயத்திலும் அவன் கைப் புளிப்பு இருந்தது.

நவம்பர் கழிந்ததும் நின்ஃபா மனு கொடுத்தாள். கடலில் விபத்தாகி இரண்டு வருஷம் தகவல் இல்லை என்றால், ஆள் இறந்ததாக அறிவிக்கும்படி கோர்ட்டில் கேட்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அந்த வக்கீலிடம் அவளை அனுப்பியதே அக்காதான். பிப்ரவரியில் மர்சாலா கோர்ட்டுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. கொடிகளை வெட்டிக் கவாத்து செய்கிற காலம். பாதி நிலம் வெட்டியும் பாதி வெட்டாமலும் கிடக்க, நாங்கள் கப்பல் ஏறினோம். அக்கா அதுவரை தீவை விட்டுப் போனவள் இல்லை. துணைக்கு நான் வந்தால்தான் போவேன் என்றாள். கப்பலில் சன்னல் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். மர்சாலாவுக்குப் போகிறவர்கள் இறங்குகிற திராப்பனித் துறைமுகம் வருகிறவரை கண்ணைத் திறக்கவில்லை. என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் ஐந்து விரலும் பதிந்துபோயிருந்தது.

கோர்ட்டில் பெரிய கூட்டம் ஒன்றுமில்லை. சின்ன அறை, மின்சார அடுப்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. நீதிபதி ஒரு பெண், நின்ஃபாவைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். மகனிடமிருந்தோ மகனைப் பற்றியோ அன்றைக்குப் பிறகு ஏதாவது தகவல் உண்டா என்று முதலில் பர்த்தோலோ அண்ணனைக் கேட்டாள். அவர் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். தகவல் இல்லை என்று சொன்னால் போதும் என்று வக்கீல் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். அந்த இரண்டு வார்த்தை அவருக்கு வரவில்லை. அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டுத் தான் எழுந்தாள்.

"எம் மவன் செத்துட்டான் அம்மா. கடல்ல. காத்து அடிச்ச அன்னைக்கே செத்துட்டான். பொட்டலம் மாதிரி நான்தான் அவனை இத்தனை நாள் கட்டி வெச்சிருந்தேன். இவ சின்னப் பொண்ணு. இவளை விட்டுடுங்க."

நீதிபதி பேனாவை மூடி வைத்தாள். பிறகு அம்மா, உட்காருங்கள் என்றாள். மற்றதெல்லாம் வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் நின்ஃபா படிக்கட்டிலேயே குந்திவிட்டாள். அக்கா அவளைத் தூக்கிவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, எனக்குப் பசிக்குதுடி, இந்த ஊர்ல என்ன கிடைக்கும் என்று கேட்டாள். அவள் பசி என்று சொல்லி வெகுநாளாகியிருந்தது.

தீவுக்குத் திரும்பிய மறுநாள் பெரிய அண்டாவை முற்றத்தில் வைத்து விறகு மூட்டினாள். நீலப்பூச் சட்டை, பச்சை, சிவப்பு, இருந்ததெல்லாம் கறுப்புச் சாயத்தில் முக்கினாள். கம்பால் கிண்டிக்கொண்டே இருந்தாள். நின்ஃபா தன்னுடையதையும் கொண்டுவந்தபோது வாங்க மறுத்துவிட்டாள். கல்யாணப் பொண்ணு கறுப்புல போகக் கூடாது என்றாள். ஆனாலும் தமியானோவின் பூசையன்று நின்ஃபா என் கறுப்பு உடையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். அன்று ஒரு நாள் மட்டும். சவப்பெட்டி இல்லாத பூசை. அடக்கம் செய்ய ஒன்றுமில்லை. கோசிமோவின் தாய் எழுந்து வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கடைசிவரை விடவில்லை.

கோர்ட்டு உத்தரவு வந்தது. ஈஸ்டர் கழிந்து நின்ஃபா கிளம்பினாள். மர்சாலாவில் ருஜ்ஜேரோவின் தாயோடு தங்கி, ஜூனில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அவளுடைய பெட்டியை அக்காவே அடுக்கினாள். உப்பில் போட்ட காப்பர் மொட்டு ஒரு ஜாடி, உலர்ந்த அத்தி, வீட்டுப் பஸ்ஸீத்தோ, போர்வை எல்லாம் வைத்தாள். தமியானோவின் படம் ஒன்றை நின்ஃபா பெட்டியில் வைத்திருந்தாள். அக்கா அதை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். அந்த வீட்டுக்கு இதோட போகாத, அந்தப் பையனுக்கு நியாயம் இல்ல, இது இங்கேயே இருக்கும், உனக்குப் பாக்கணும்னா வந்து பாரு என்றாள்.

துறைமுகத்தில் நல்ல வெயில். கடல் பால் மாதிரி அசையாமல் கிடந்தது. பர்த்தோலோ அண்ணன் பெட்டியைக் கப்பல்வரை தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து, நின்ஃபாவின் நெற்றியில் முத்தமிட்டு, தள்ளிப்போய்க் கயிறு கட்டுகிற கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டார். நின்ஃபா அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அத்தை, அத்தை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா அவளை விலக்கி நிறுத்தினாள்.

"இனிமே என்னை அப்படிக் கூப்பிடாத. அங்க உனக்கு ஒரு அத்தை இருக்கா. அவ காதுல விழுந்தா மனசு கஷ்டப்படும்."

"வேற எப்படிக் கூப்பிடறது உங்களை?"

"பேர் சொல்லிக் கூப்பிடு. எனக்குப் பேர் இல்லையா என்ன?"

நின்ஃபா முயன்றாள். லி என்று ஆரம்பித்தாள். முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டு, ஒன்றும் கூப்பிடாமலே கப்பல் ஏறிவிட்டாள்.

கப்பல் முனையைத் தாண்டுகிறவரை நாங்கள் நின்றோம். அக்கா கடலை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அப்புறம் மூன்று பேரும் என் வீட்டுக்காரரின் மூன்று சக்கர வண்டியில் ஏறி மேலே வந்தோம். வந்ததும் அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போய்விட்டார். கொடிகளில் துளிர் விட்டிருந்தது; குழிகளில் களை மண்டியிருந்தது.

நான் என் வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். எட்டிப் பார்த்தேன். கறுப்புச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டிருந்தாள். கையில் பாஸ்தாப் பொட்டலம். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

"பிரிஜிதா, ரெண்டு பேருக்கு எவ்வளவு போடறது?"

நான் கையிலிருந்த தீப்பெட்டியைச் சுவர்மேல் வைத்தேன்.

"முப்பது வருஷமா நான் ரெண்டு பேருக்குச் சமைச்சதே இல்லடி. கல்யாணமாகி வந்தப்ப மாமனார் மாமியார் இருந்தாங்க. அப்புறம் புள்ள வந்துட்டான். அவன் மர்சாலாவுக்குப் போனப்பவும் மாமியார் இருந்தாங்க. அப்புறம் இவ. எவ்வளவு போடறதுன்னு எனக்குத் தெரியல."

என் அடுப்பை அணைத்துவிட்டு, என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு போனேன். நாலு பேருக்கும் போடுங்க அக்கா என்றேன். அவள் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினாள். வெந்தது நாலு பேருக்கு மேலேயே இருந்தது. பர்த்தோலோ அண்ணன் வந்து கைகழுவிவிட்டு உட்கார்ந்தார். பசி இல்லாமலே, கையை நிறுத்தாமல் சாப்பிட்டோம். தட்டு காலியாகக் காலியாக அவள் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை.